முதுகை வெட்டுமுன் உள்ளோரத்தை அளந்துகொள்ளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில், கையெல்லாம் மாவோடு அடுப்படியில் நிற்பவர் தானாக மூடிக்கொள்ளும் சமையல் புத்தகத்தோடு படும் பாட்டைப் பற்றி எழுதும்போது, அத்தகைய புத்தகத்தை ஸ்பைரல் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கும் கடிதங்கள், நான் பாடுபட்டு எழுதிய மற்ற எந்தப் பதிலுக்கும் வந்ததில்லை. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் எனக்கும் இது பிடித்த பொருள்தான். ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். எம்பிராய்டரி வசதியுள்ள இயந்திரம் ஒன்றை வாங்கினேன்; அதனுடன் வந்த கையேடு ஏறக்குறைய 200 பக்கங்கள். நூல் கோக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளாலும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. புத்தகமோ கையை எடுத்த மறுகணம் மூடிக்கொள்கிறது. மேலே கத்தரிக்கோலை வைத்து அழுத்தியதில் முதுகு வெடித்து நான்கு தாள்கள் கழன்றுவிட்டன. இதை ஸ்பைரல் போடலாமா? – ஒரு வாசகி, நங்கநல்லூர்.

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் கடைக்குப் போகுமுன் ஓர் அளவுகோலும் அஞ்சலட்டை அகலத்துக்கு ஒரு துண்டு அட்டையும் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

உங்கள் கையேடு கம் பைண்டிங் செய்யப்பட்டது. 16 பக்கங்கள் கொண்ட ஃபாரங்களாக மடித்த தாள்களை வரிசையாக அடுக்கி, மடிப்புள்ள பக்கத்தை இயந்திரத்தில் சீவிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் சூடான பசையைத் தடவி, அது ஆறுமுன் அட்டையைச் சுற்றி ஒட்டிவிடுவதுதான் அந்த முறை. சீவிய பிறகு மடிப்பு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தாள், அதைப் பிடித்து வைத்திருப்பது விளிம்பில் பட்ட பசை மட்டுமே. அந்தப் பசை ஆறியதும் விறைப்பான பட்டையாகிவிடுவதால், புத்தகத்தை விரிக்கும்போது வளைய மறுத்துப் பக்கங்களைத் திரும்ப இழுக்கிறது. நாம் கத்தரிக்கோலை வைத்து அழுத்தினால் வெடிக்கிறது. இதோடு தாளின் நார் ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது. தாளுக்குள் இருக்கும் நார்கள் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடினால் பக்கம் பணிந்து படுக்கும். குறுக்காக ஓடினால் விறைத்து நிற்கும். காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக நார் ஓட்டத்தைப் பார்க்காமல் அச்சிடப்பட்ட கையேடுகள் எத்தனையோ உண்டு. ஆகவே குற்றம் உங்கள் கத்தரிக்கோலில் இல்லை.

ஸ்பைரல் போடுவதற்கு முதலில் அந்தப் பசையுள்ள முதுகை வெட்டி எடுக்க வேண்டும். பசை தாள்களுக்கிடையே சற்று உள்ளே இறங்கியிருக்கும் என்பதால் 3 முதல் 5 மி.மீ. வரை வெட்டினால்தான் எல்லாத் தாளும் பிரியும். அதன்பின் துளை. நம் ஊர்க் கடைகளில் போடும் வட்டத் துளை ஏறத்தாழ 4 மி.மீ. விட்டமுடையது, விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளிப் போடுவார்கள். ஆக, வெட்டுக்கு 5, துளைக்கு 7, மொத்தம் 12 மி.மீ. உங்கள் கையேட்டின் உள்பக்கத்திலிருந்து போய்விடும். துளைக்கும் எழுத்துக்கும் நடுவே மூச்சுவிட 3 மி.மீ. வேண்டாமா? எனவே உள்ளோரம், அதாவது முதுகுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வெற்றிடம், 15 மி.மீ. இருந்தால் கவலையின்றி வெட்டலாம். 12-க்குக் கீழே இருந்தால் வெட்டவே கூடாது. இடைப்பட்டதாக இருந்தால் வெட்டை 3 மி.மீ.க்குள் அடக்கும்படி கடைக்காரரிடம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

முதுகின் வளைவு மறைப்பதால் உள்ளோரத்தை அளவுகோலால் நேரடியாக அளக்க வராது. அதற்குத்தான் அட்டைத் துண்டு. புத்தகத்தை நடுவில் திறந்து, அட்டையை இரு பக்கங்களுக்கும் இடையே அடிவரை செருகி, எழுத்து தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் அளந்ததோடு நிறுத்திவிட வேண்டாம். எழுத்து விலகி நிற்கும் கையேட்டிலும் படங்களும் அட்டவணைகளும் முதுகை ஒட்டி ஓடுவதுண்டு. இயந்திரக் கையேட்டில் நமக்கு வேண்டியவை அவைதாம்.

உங்கள் 200 பக்கம் என்பது 100 தாள். 80 ஜி.எஸ்.எம். தாள் (ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ளது) ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன் என்பதால் மொத்தம் 10 மி.மீ. வரும், ஸ்பைரல் அதைவிட மூன்று நான்கு மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். 14 மி.மீ. சுருள் கேளுங்கள். இறுக்கமான சுருளில் பக்கம் புரளாமல் மாட்டிக்கொண்டு துளையோரம் கிழியும்.

கேள்வி: ஸ்பைரல், வைரோ, கோம்ப் என்று கடையில் மூன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது? வீடு கடற்கரைக்கு மிக அருகில் இருப்பதால் கம்பி துருப்பிடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. – ஒரு வாசகர், திருவான்மியூர்.

பதில்: ஸ்பைரல் என்பது ஒரே நீளப் பிளாஸ்டிக் சுருள், துளை வழியே திருகிக்கொண்டே போய் இரு முனைகளையும் மடக்கிவிடுவார்கள். வைரோ என்பது இரட்டைக் கம்பி வளையங்கள். துளைகளில் மாட்டி, இயந்திரத்தில் அழுத்தி மூடுவார்கள். கோம்ப் என்பது பிளாஸ்டிக் சீப்பு. நீள்சதுரத் துளைகளில் அதன் பற்கள் நுழைந்து சுருண்டுகொள்ளும். ஏ4 தாளுக்கு 21 துளைகள்.

கோம்புக்கு ஒரே ஒரு நற்குணம்: சீப்பை விரித்துத் தாளைச் சேர்க்கலாம், எடுக்கலாம். மற்றபடி அதை முழுவதுமாக மடித்துப் பின்னால் திருப்ப முடியாது. மேசையில் இடம் குறைவாக உள்ளவருக்கு அதனால் பயனில்லை. ஸ்பைரலும் வைரோவும் முழுச் சுற்றுத் திரும்பும், அதாவது ஒரு பக்க அகலத்துக்குள் புத்தகம் அடங்கிவிடும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலர் கவனிக்காதது. சுருள் சாய்வாக ஏறிப்போவதால், ஸ்பைரல் புத்தகத்தை விரித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சில மி.மீ. மேலும் கீழுமாக நிற்கும். வைரோவில் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்கும். ஓர் அட்டவணை இரு பக்கங்களிலும் நீண்டு வருமானால் வைரோதான் சரி. ஆனால் வைரோ ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். பையில் போட்டு மின்சார ரயிலில் போகிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் சுருள் நசுங்கினாலும் எழுந்துகொள்ளும்.

உங்கள் பயம் நியாயமானது. வைரோ கம்பிக்கு மேலே பூச்சு உண்டு. ஆயினும் வெட்டிய முனைகளில் பூச்சு இருக்காது, கடற்காற்றில் துரு அங்கிருந்துதான் தொடங்கும், பிறகு பக்கத்து மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் பழுப்புக் கறை ஏறும். திருவான்மியூருக்கு ஸ்பைரலே போதும். அதை மட்டும் வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியோரம் வைக்காதீர்கள். நாளடைவில் பிளாஸ்டிக் நொறுங்கும்.

கேள்வி: என் கேமராக் கையேட்டைக் கடையில் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு எழுத்துகளின்மேல் துளை விழுந்திருந்தது. கேட்டால், ‘புத்தகம் அப்படி, நாங்கள் என்ன செய்வது’ என்கிறார்கள். இனி என்ன செய்வது? – ஒரு வாசகர், பல்லாவரம்.

பதில்: போன எழுத்துகள் திரும்ப வாரா. கேமரா நிறுவனங்களில் பல தம் கையேடுகளை பிடிஎஃப் வடிவில் இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்கள் மாடலுக்குரியது கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் இடப்பக்கம் 20 மி.மீ. ஓரம் விட்டு அச்செடுத்து அதற்கு ஸ்பைரல் போடுங்கள். பிடிஎஃப் கிடைக்கும் எந்தக் கையேட்டுக்கும் இதுவே நல்ல வழி என்பது என் கருத்து. மூலப் புத்தகம் வெட்டுப்படாமல் அலமாரியில் இருக்கும்.

உங்களைக் குறை சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. தொழில் பழகிய முதல் வருடத்தில் நண்பர் ஒருவருடைய ஸ்கூட்டர் பழுதுபார்ப்புக் கையேட்டை வாங்கி, எழுத்து எங்கும் அடிபடாதபடி அளந்து, பெருமையோடு முதுகை வெட்டினேன். நடுவே ஒயரிங் படம் இரண்டு பக்கங்களையும் சேர்த்து வரையப்பட்டிருந்ததைப் பார்க்கவில்லை. இரு பக்கத்திலும் 5 மி.மீ. போயிற்று, மஞ்சள் ஒயரும் பச்சை ஒயரும் எங்கே சேர்கின்றன என்று காட்டும் புள்ளி அந்த 10 மி.மீ.க்குள்தான் இருந்தது. இன்னொரு பிரதியைத் தேடி அலைந்து அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக் கொடுக்கும்வரை அவர் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஆகவே கொடுக்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. இரு பக்கம் சேர்ந்த படங்களை முன்னதாகவே நகலெடுத்து வையுங்கள். பிறகு அந்த நகலை ஒரே தாளாக மடித்து, அதற்குரிய இடத்தில் சேர்த்துத் துளை போடச் சொல்லலாம். சென்டர் பின் அடித்த மெல்லிய கையேடாக இருந்தால் பின்னைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். வெட்டும் கத்தியில் பின் பட்டால் கத்தி பல்லிளிக்கும், அந்தக் கத்தியில் வெட்டுப்படும் அடுத்த புத்தகம் முழுவதும் கீறல் விழும். முதுகுக்கு எதிர்ப்புறத்தில், மூடிய தாள் விளிம்புகளின்மேல், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குச் சாய்வாகப் பென்சில் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். வெட்டிய தாள்கள் கைதவறிக் கலைந்தாலும், ஒரு தாள் தலைகீழாகப் போனாலும், அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பக்க எண் இல்லாத படத்தாள்களுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது.

கடையில் கேட்க வேண்டியது இரண்டே. முதலாவது, வெட்டுவது எதில் என்பது. ஸ்பைரல் போடும் ஜெராக்ஸ் கடைகள் பலவற்றில் பெரிய கட்டிங் மெஷின் இருப்பதில்லை. கையால் இழுக்கும் சிறிய கத்தியில் தடித்த புத்தகத்தை வெட்டினால் மேல் தாளும் அடித்தாளும் வேறு வேறு அகலத்தில் வரும். திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைப் பக்கம் அச்சகங்களை ஒட்டியுள்ள பைண்டிங் கடைகளில் வெட்டை மட்டும் முடித்துக்கொண்டு, துளைக்கும் சுருளுக்கும் வீட்டருகே உள்ள கடைக்குப் போகலாம். இரண்டாவது, ஒரு தடவைக்கு எத்தனை தாள் துளையிடுகிறார்கள் என்பது. கையால் அழுத்தும் இயந்திரத்தில் பத்துப் பதினைந்து தாளுக்குமேல் திணித்தால் துளை சாய்ந்துபோகும். அவசரமாகக் கேட்டால் திணிக்கத்தான் செய்வார்கள். பொறியியல் மாணவர்கள் கடைசிப் பருவத்துப் பிராஜெக்ட் அறிக்கைகளோடு வரிசையில் நிற்கும் வாரங்களில் கிண்டிப் பக்கம் இந்த வேலையோடு போகாதீர்கள்.

கேள்வி: சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தின் கையேடு ஏ4 அளவில் 640 பக்கம். தொழிலாளர்கள் எண்ணெய்க் கையோடு புரட்டுகிறார்கள். ஸ்பைரல் தாங்குமா? – ஒரு வாசகர், அம்பத்தூர்.

பதில்: ஒரே நூலாகப் போட்டால் தாங்காது. 320 தாள், 32 மி.மீ. கனம், அதற்கு 36 மி.மீ. அளவில் சுருள் வேண்டும். அத்தகைய சுருள்கள் இருந்தாலும், அவ்வளவு பெரிய வளையத்தில் தாள்கள் சரிந்து, புரட்டும்போது ஒன்றோடொன்று மாட்டி, முதலில் கிழிவது அடிக்கடி பார்க்கும் பக்கமாகவே இருக்கும். 25 மி.மீ. சுருளுக்குமேல் போக நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: இயக்குவது ஒன்று, புரோகிராமும் கோளாறைக் காட்டும் அலார எண்களும் ஒன்று, மின்சாரப் படங்களும் உதிரிபாகப் பட்டியலும் ஒன்று. பொருளடக்கத்தை மூன்று நகலெடுத்து மூன்றின் முன்னாலும் வைக்க மறவாதீர்கள். இல்லையேல் எதில் எது என்று தேடுவதிலேயே வேலை நிற்கும். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முன்னால் வண்ண அட்டை ஒன்றைச் சேர்த்து, அது அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை அந்த நீட்டலைப் பிடித்துப் புரட்டும், எழுத்தைத் தொடாது. முன்னட்டைக்கு மேல் ஓ.எச்.பி. ஷீட் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள், பின்னால் கனத்த பிளாஸ்டிக் ஷீட் கேட்டு வாங்குங்கள்.

தினமும் பார்க்கும் அலாரப் பட்டியல் நான்கைந்து பக்கம்தான் இருக்கும். அதைத் தனியே நகலெடுத்து லேமினேட் செய்து சுவரில் மாட்டுங்கள். லேமினேட் செய்த தாளில் துளை போட்டால் துளையின் விளிம்பு வழியே எண்ணெய் உள்ளே ஊறும். ஆகவே அதைச் சுருளுக்குள் சேர்க்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையேட்டை இயந்திரத்தின் மேல் கயிற்றில் தொங்கவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. முனை மடக்காத சுருள் சட்டைக் கையில் மாட்டும். வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு அருகில் அது விளையாட்டல்ல. நான்கடி தள்ளி ஒரு ஸ்டாண்டு போட்டு அதில் வையுங்கள்.

கேள்வி: பாட்டு வகுப்பு நடத்துகிறேன். சுர தாளக் குறிப்புடன் கூடிய கீர்த்தனைப் புத்தகத்தை ஸ்பைரல் போட்டால் தரையில் விரித்து வைத்துக் கற்பிக்க வசதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. – ஒரு வாசகி, மயிலாப்பூர்.

பதில்: மிக வசதியாக இருக்கும். கீர்த்தனைக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள்ளேயே வரி முடிந்துவிடும் என்பதால், ஸ்பைரலில் இரு பக்கமும் சற்று மேல்கீழாக நிற்பது உங்களைத் தொந்தரவு செய்யாது. தாள்கள் தனித்தனியாகப் பிரியும் அந்த ஒரு பொழுதை மட்டும் வீணாக்காதீர்கள். பல்லவியும் அனுபல்லவியும் ஒரு பக்கத்திலும் சரணம் அதன் மறுபக்கத்திலும் அமைந்து, தாளம் போடும் கையை நிறுத்திவிட்டுப் புரட்ட வேண்டியிருக்கும் கீர்த்தனைகள் உங்கள் புத்தகத்தில் எவை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவற்றின் மறுபக்கத்தை மட்டும் நகலெடுத்து, எதிரே வரும்படி ஒரு தாளாகச் செருகிவிட்டால் முழுக் கீர்த்தனையும் ஒரே விரிப்பில் வந்துவிடும். இது தையல் போட்ட புத்தகத்தில் நடக்காத காரியம். பழைய பதிப்புகளில் உள்ளோரம் தாராளமாக இருக்கும். ஆனால் தாள் நைந்திருக்கும். பக்கத்தின் மூலையை ஒருமுறை மடித்து விரித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் ஒடிந்தால் அந்தப் புத்தகம் துளையைத் தாங்காது, நகலெடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பாட்டனார் வைத்திருந்த ரேடியோ பழுதுபார்க்கும் புத்தகம், 1950-களில் அச்சானது, முதுகு பிய்ந்து கிடக்கிறது. இதையும் ஸ்பைரல் போட்டுவிடலாமா? – ஒரு வாசகர், பெரம்பூர்.

பதில்: வேண்டாம். அது ஃபாரம் ஃபாரமாக நூலால் தைத்த புத்தகமாக இருந்தால் முதுகை வெட்டுவது அந்தத் தையலையே வெட்டுவதாகும். பிறகு எந்த பைண்டராலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. தைத்த புத்தகம் நன்றாக விரியக்கூடியது. முதுகு பிய்ந்திருந்தால் புதிய துணியும் பசையும் போட்டு மறுபைண்டிங் செய்தால் இன்னும் பல காலம் இருக்கும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிறவரா என்று கேட்டுக் கொடுங்கள். பூச்சி அரிக்காமல் இருப்பதற்காகப் பழைய பைண்டர்கள் செய்துவந்த ஏற்பாடு அது. வேலைக்கு வேண்டிய சர்க்யூட் படங்களை மட்டும் செல்பேசியில் படமெடுத்து, அச்செடுத்து, அதற்கு ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குரோஷே பின்னல் புத்தகத்தை ஸ்பைரல் போடப் புறப்பட்டேன். புத்தகத்தை வெட்டுவது சரஸ்வதியை வெட்டுவது போல என்று மாமியார் தடுத்துவிட்டார். அவரிடம் என்ன சொல்வது? – ஒரு வாசகி, தாம்பரம்.

பதில்: ஓலைச் சுவடியைப் பற்றிச் சொல்லிப்பாருங்கள். நம் ஏடுகள் எல்லாமே துளையிட்டவைதாம். ஒரு துளையில் கயிறு, இன்னொன்றில் நாராசம் என்னும் குச்சி. கயிற்றைத் தளர்த்தி ஏட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் படித்தார்கள். எழுதியவர்கள் துளைக்கு என்று இடம் விட்டு, எழுத்து அதைச் சுற்றிப் போகும்படி எழுதினார்கள். இன்றைய கையேடுகளை அமைப்பவர்களில் பலருக்கு அந்த யோசனை இல்லாததால்தான் நான் இம்மாதம் முழுவதும் உள்ளோரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்படியும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வருவதை நினைவூட்டுங்கள். புத்தகங்களை அடுக்கி வைக்கிறோம். கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைக்கிறோம். பின்னல் கையேடு அந்த இரண்டு வரிசையிலும் வைக்கத் தகுந்தது. ஊசியைப் போல அதுவும் கைக்கு வாகாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய முதுகுத் துண்டைக் குப்பையில் போடாமல் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

கேள்வி: உள்ளோரம் 9 மி.மீ.தான் இருக்கிறது. பிடிஎஃப் எங்கும் இல்லை. வேறு வழியே இல்லையா? – ஒரு வாசகர், வேளச்சேரி.

பதில்: மூன்று வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று உழைப்புக் கூடிக்கொண்டே போகும்.

புத்தகம் புதிதாக, முதுகு இன்னும் வெடிக்காமல் இருந்தால், அதைப் பழக்கிப் பார்க்கலாம். முதுகை மேசைமேல் நிறுத்தி, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி விரித்து, உள்மடிப்பை விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். நடுவில் ஒரே அடியாகப் பிளந்தால்தான் பசை வெடிக்கும். இப்படிச் சிறிது சிறிதாகச் செய்தால் விறைப்புப் பெரிதும் குறையும். பாராயணத்துக்கு வைக்கும் மடக்குப் பலகையும் இரண்டு கிளிப்புகளும் இருந்தால் பலருக்கு அதுவே போதுமானது.

அடுத்தது, முதுகை வெட்டாமல் பசையை மட்டும் எடுப்பது. சாதாரணச் சூட்டுப்பசை ஹேர் டிரையர் சூட்டில் இளகும். அட்டையைக் கழற்றி, முதுகைச் சூடாக்கிக்கொண்டே ஒவ்வொரு தாளாக உரிக்கலாம். இதனால் வெட்டுக்குப் போகும் 5 மி.மீ. மிச்சமாகும். ஆனால் 9-இல் துளைக்கு 7 போக 2 மி.மீ.தான் மிஞ்சும். துளை எழுத்துக்கு நெருக்கமாக விழுந்தாலும் எழுத்து தப்பிவிடும். சூட்டுக்கு அசையாத பசையாக இருந்தால் அது பி.யூ.ஆர். எனப்படும் பாலியூரிதேன் வகையாக இருக்கக்கூடும், ஒருமுறை இறுகினால் மறுபடி இளகாது, வற்புறுத்தினால் தாள்தான் கிழியும்.

மூன்றாவது, துளையே இல்லாத வழி. பிரித்த தாள்களை நேராகத் தட்டி, முதுகுப் பக்கம் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு பலகைகளுக்கு நடுவில் இறுக்கி, தாள்களை விசிறிபோல ஒருபுறம் வளைத்து வெள்ளைப் பசையைத் தடவ வேண்டும். பிறகு மறுபுறம் வளைத்து மீண்டும் தடவ வேண்டும். ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் முடியளவு பசை உள்ளே ஏறிப் பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும். எமில் லும்பெக் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் முறை இது. உலர்ந்தபின்னும் வளையக்கூடிய பசையாகப் பார்த்து வாங்கினால் புத்தகம் நன்றாகவே விரியும். மெல்லிய துணிப்பட்டை ஒன்றை முதுகில் ஒட்டி ஒரு நாள் முழுவதும் அழுத்தத்தில் வைத்துவிடுங்கள். முதன்முறை செய்பவர் பழைய தொலைபேசி டைரக்டரி போன்ற வேண்டாத தாள்களில் பழகிவிட்டு வருவது நல்லது.

கேள்வி: ஸ்பைரல் போடுவது பதிப்புரிமைச் சட்டத்துக்கு விரோதமா? – ஒரு வாசகர், கொளத்தூர்.

பதில்: 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கவலைப்படுவது நகலெடுப்பதைப் பற்றி. விலை கொடுத்து வாங்கிய பிரதியின் அட்டையையும் முதுகையும் மாற்றினால் இன்னொரு பிரதி உண்டாவதில்லை. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, வகுப்பு முழுவதற்கும் விற்பது வேறு விஷயம். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கேள்வி: பதினைந்து கையேடுகளை ஸ்பைரல் போட்டுவிட்டேன். அலமாரியில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒன்றை இழுத்தால் பக்கத்துச் சுருளும் சேர்ந்து வருகிறது. – ஒரு வாசகர், அண்ணா நகர்.

பதில்: முதுகு போனால் முகவரி போயிற்று என்பது உண்மைதான். ஒரு கனத்த அட்டையை மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டி, பாதியாக மடித்து, சுருளின்மேல் கவிந்திருக்கும்படி முன்னட்டையிலும் பின்னட்டையிலும் ஒட்டிவிட்டால் அதில் பெயர் எழுதலாம். ஆனால் அது புத்தகத்தைப் பின்னால் மடிக்க விடாது. எனவே நான் செய்வது வேறு: தாள்களின் கீழ்விளிம்பில், மூடிய நிலையில், மார்க்கர் பேனாவால் பெயரை எழுதி, புத்தகங்களைப் படுக்கை வாட்டில், அந்த விளிம்பு வெளியே தெரியும்படி அடுக்கிவிடுகிறேன். ஒன்றின் சுருள் இடப்பக்கம், அடுத்ததன் சுருள் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு ஒரு பக்கமாகச் சரியாது. சுருளும் சுருளும் பின்னிக்கொள்ளாது. ஓர் அடுக்கில் ஆறேழு புத்தகங்களுக்குமேல் வேண்டாம். அடியில் இருக்கும் வைரோ நசுங்கும்.